எம் பேர்ல போன வாழ்த்து

ஏனுங்க, இந்த பஸ்சு குண்டடத்துல நிக்குமுங்களா? நிக்கும்னுதான் கண்டக்டரும் சொன்னாரு. இருந்தாலும் உங்களையும் ஒருக்கா கேட்டுக்கலாம்னு கேட்டேன். சித்த தள்ளி உக்காருங்க, இந்தக் குக்கர் டப்பா உங்க முட்டியில இடிக்குது. மேல வெச்சா பிரேக் போடறப்ப யார் தலையிலயாவது விழும். மடியிலயே இருக்கட்டும்.

கல்யாணத்துக்குத்தான் போறனுங்க. காலங்காத்தால குக்கரைத் தூக்கிட்டு வேற எங்க போவாங்க? ஆனா ஒண்ணு, நீங்க முன்னப்பின்ன தெரியாத ஆளுங்கறதால சொல்றேன். எனக்குப் பத்திரிகை வரலீங்க. ஆமாங்க. கூப்பிடாத கல்யாணத்துக்குத்தான் போயிட்டிருக்கறேன். சிரிக்காதீங்க. மறந்திருப்பாங்க, அவ்வளவுதான். கல்யாண வீட்டுல ஆயிரம் சோலி, ஒரு பேரு விட்டுப்போறது சகஜந்தானுங்களே? போய் நின்னா, 'அடடா, சார், உங்களை எப்பிடி விட்டோம்'னு ஓடி வந்து கையப் புடிச்சுக்குவாங்க. புடிக்கலைன்னா? கம்பெனி சனமே அங்க உக்காந்திருக்கும். அத்தனை பேர் முன்னாடி 'இவரு எதுக்கு வந்தாரு'ன்னு ஒரு பார்வை பாத்துட்டாங்கன்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஆபீஸ் போவேன்? அதாங்க, பஸ் ஏறுனதுல இருந்து அதே யோசனை.

எம் பேரு சென்னியப்பனுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில ஆபீஸ் மேனேஜர். ஆள் சேக்கறது, வருகைக் கணக்கு, சம்பளம், லீவு, எல்லாமே எம்பட டேபிள்தான். மொதலாளிக்கே ஒரு நாள் லீவு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போகோணும். சும்மா தமாசுக்குச் சொல்றனுங்க.

கல்யாணம் யாருக்குன்னா, எங்க லைன் சூப்பர்வைசர் ருக்குமணின்னு ஒரு அம்மா, அது மகளுக்கு. டெய்லரா வந்து சேந்துச்சு. புருசன் இல்ல. தையல் மிசின்ல உக்காந்தா தலை நிமிராது. இப்ப ஒரு லைனையே, ஒரு வரிசை மிசினையும் ஆளுங்களையும், அதுதான் பாத்துக்குது. நல்ல அம்மா. நாந்தான் சூப்பர்வைசர் ஆக்குனேன். சரி, மொதலாளி ஆக்குனாரு, நான் தடுக்கல.

எங்க கம்பெனியில ஒரு பழக்கமுங்க. யார் வீட்டுல விசேசம்னாலும் தட்டுல வெத்தலை, பாக்கு, பழம், அதுமேல பத்திரிகை வெச்சு, மொதல்ல எம்பட டேபிளுக்குத்தான் கொண்டு வருவாங்க. மொதலாளிக்கு அப்பறந்தான். பத்திரிகையக் குடுத்துட்டு அதே கையில லீவும் கேப்பாங்க. 'சார், குடும்பத்தோட வந்துரோணும்ங், அப்பறம் சார், ஒரு மூணு நாள் லீவு.' அப்பிடித்தான் கேப்பாங்க. நான் சும்மா குடுத்துருவனா? பத்திரிகைய அட்டையிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பேன். முகூர்த்தம் ஒரு நாள்தான் போட்டிருக்குது, மூணு நாள் எதுக்குன்னு கேப்பேன். பெரியப்பா மகன் கல்யாணம்னா, உங்கப்பனுக்குப் பெரியப்பாதான கூடப்பொறந்தவரு, அவரு மகன் உனக்கென்ன கூடப்பொறந்தவனான்னு கேப்பேன். நின்னுட்டே இருப்பாங்க, பாவம். கடைசியில ஒரு நாள் குடுப்பேன். மூஞ்சியெல்லாம் மலந்துரும் பாருங்க! அப்பிடிப் பழகுன மனுசங்க. இந்த ருக்குமணிக்கே, இந்தப் பொண்ணு பெரிய மனுசி ஆனப்ப, சீர் வெக்கறாங்கன்னு ரெண்டு நாள் கேட்டுச்சு. சரக்கு அனுப்பற ஷிப்மெண்ட் நேரம். இருந்தாலும் மனசு கேக்காம அரை நாள் குடுத்தேன். அரை நாள்! ஷிப்மெண்ட் நேரத்துல யாருங்க குடுப்பா?

என்ன, வண்டி நிக்குது? கொடுவாயா? அப்ப இன்னும் போகோணும்.

எங்க விட்டேன்? ஆங், தட்டு. போன வைகாசி மாசம் பாருங்க, முகூர்த்தமா வந்து குவிஞ்சு போச்சு. டேபிள்மேல தட்டு வெக்க எடமில்ல. ஒருத்தரைத் தாட்டிவிட்டா அடுத்தவங்க வந்து நிப்பாங்க. அந்தப் பக்கம் மொதலாளி, 'லைன்ல ஆளே இல்ல, லீவு குடுத்தது யாரு'ன்னு கத்தறாரு. எனக்கும் ரத்தம் கொதிச்சுப் போச்சுங்க. எந்திரிச்சு நின்னு, 'இனி ஒருத்தரும் எம்பட டேபிள் பக்கம் வரக்கூடாது, போங்க எல்லாரும்'னு போட்டேன் ஒரு சத்தம். தட்டெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க.

அந்த நேரத்துலதான் மொதலாளியோட மருமகன் வந்தாரு. பெங்களூர்ல படிச்சவரு. 'அங்கிள், ஏஐ ஏஜெண்ட் ஒண்ணு போட்டுருவோம்'னாரு. அப்பிடின்னா என்னன்னு தெரியுமுங்களா? நாம சொல்றதைக் கேட்டுக்கிட்டு அதுபாட்டுக்கு வேலை பாக்கற கம்ப்யூட்டர் ஆளு. எங்க சம்பளக் கணக்கெல்லாம் முன்ன மாதிரி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இல்லீங்க, கிளவுடுக்குப் போயிருச்சு. எங்கயோ எவனோட கம்ப்யூட்டர்லயோ இருக்குது, நாம இங்கிருந்து நெட்டுல தொறந்து பாத்துக்கறோம், வாடகை கட்டிக்கிட்டு. அந்தக் கிளவுடுக்குள்ள இந்த ஏஜெண்டை விட்டுட்டா, லீவு கேக்கறவங்க போன்ல ஒரு மெசேஜ் போட்டாப் போதும், அதுவே கணக்குப் பாத்துப் பதில் சொல்லிரும்னாரு. கோயமுத்தூர்ல இருந்து ஆள் வரச் சொல்லட்டுமான்னாரு. எதுக்கு? எனக்குக் கை இல்லையா? நானே மாட்டறேன்னுட்டேன்.

நான்தானுங்க மாட்டுனேன்! ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கம்பெனியில ஈ காக்கா இல்ல. டெர்மினல்னு ஒண்ணு இருக்குதுங்க. தொறந்தா கருப்பு ஸ்கிரீன், ஒரு படம் கிடையாது, பட்டன் கிடையாது. கோடு ஒண்ணு மினுக் மினுக்னு நிக்கும். நாம ஒரு வரி ஆர்டர் தட்டோணும், அது செய்யும். எனக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஏஜெண்டை விக்கற கம்பெனிக்காரங்க குடுத்திருந்த வரிய ஒவ்வொண்ணாக் காப்பி பண்ணி ஒட்டுனேன். சரசரன்னு எழுத்து ஓடுச்சு. அப்பறம் சாவி கேட்டுச்சு. சாவின்னா, சம்பள சாப்ட்வேருக்குள்ள போறதுக்கு நீளமா ஒரு எழுத்து வரிசை. ஒட்டறேன், ஒண்ணும் தெரியல. மறுக்காவும் ஒட்டறேன், தெரியல. கெரகமே, கீபோர்டு போச்சான்னு தட்டு தட்டுன்னு தட்டறேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, அடுத்தவங்க பாத்துரக் கூடாதுன்னு அதை ஸ்கிரீன்ல காட்டாதாம். நான் நாலஞ்சு சாவிய ஒட்டுக்கா உள்ள தள்ளியிருக்கறேன். அழிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து.

ஏஜெண்டுக்குன்னு தனியா ஒரு பேர்ல கணக்குத் தொறக்கச் சொல்லியிருந்துச்சு. தனிப் பேருன்னா தனி வாடகையாமா. அட, எதுக்குத் தெண்டம்? எம் பேரு இருக்குதுல்ல, எம் பேர்லயே உள்ள போகட்டும்னு விட்டுட்டேன். வருகையப் பாக்கலாமா, பழைய லீவெல்லாம் பாக்கலாமா, மெசேஜ் அனுப்பலாமான்னு ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. எல்லாத்துக்கும் எஸ்சுக்கு ஒய், ஒய்னு தட்டிட்டே போனேன். கடைசியில, 'வணக்கம் சென்னியப்பன், பணியாளர் விவரங்கள் கிடைத்துவிட்டன, எதிலிருந்து தொடங்கலாம்?'னுச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிடுது பாருங்க. மொத வேலையா, 'சார்னு கூப்புடு'ன்னு தட்டுனேன். 'சரி சார்'னுருச்சு. அது ஒண்ணு, சொன்னாக் கேட்டுக்குது.

லீவுக்கு என்னென்ன சட்டம்னு கேட்டுச்சு, சொன்னேன். பத்திரிகையோட வந்து லீவு கேட்டா என்ன பண்ணட்டும்னுச்சு. நான் இருந்த கடுப்புல, 'லீவு இருந்தாக் குடு. வாழ்த்துச் சொல்லு. எனக்கு வர முடியாதுன்னு தன்மையாச் சொல்லிரு. எங்கிட்டக் கொண்டு வராத'ன்னு தட்டிட்டுக் கம்ப்யூட்டரை மூடிட்டேன். அன்னிக்கு எனக்கிருந்த சந்தோசம்! வீட்டுல போயிச் சொன்னா, 'இனி ஆபீஸ்ல நீங்க என்ன பண்ணுவீங்க'ன்னு கேக்கறா எம் பொண்டாட்டி. அவளுக்கு என்ன தெரியும்?

ஆனா பாருங்க, சனங்க மாறிப் போச்சுங்க. எப்பிடி ஒரேடியா மாறிப்போகும்? ஒருத்தரும் எம்பட டேபிளுக்கு வர்றதில்ல. டீ நேரத்துல முன்னாடியே போறாங்க, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிட்டே இருக்காங்க. நானா லைனுக்கு எந்திரிச்சுப் போயி, 'என்னம்மா, ஒண்ணும் பிரச்சனை இல்லையா?'ன்னு கேட்டா, 'ஒண்ணும் இல்லீங் சார், எல்லாம் மெசேஜ்லயே முடிஞ்சுருதுங்'னு சொல்லிட்டு மிசினை ஓட்டறாங்க. எனக்கு உக்கார முடியல. எந்திரிப்பேன், தண்ணி குடிப்பேன், ஜன்னலைத் தொறப்பேன், மறுபடி மூடுவேன். அந்த ஏஜெண்டையே ஒருக்கா, 'என்னை யாராச்சும் கேட்டாங்களா?'ன்னு கேட்டேன். 'இன்று யாரும் கேட்கவில்லை சார்'னுச்சு. அதுக்கென்ன, அதுக்கு மானமா ரோசமா.

இதுக்கெடையிலதான் லீவுப் பட்டியலப் பாக்கறேன். இன்னிக்குத் தேதிக்கு ருக்குமணியோட லைன்ல முக்கால்வாசிப் பேரு லீவு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காரணம், ருக்குமணி மகள் திருமணம், குண்டடம். ஒவ்வொருத்தருக்கும் அதேதான். ஏஜெண்டு அடுத்த லைன்ல இருந்து ஆள் மாத்திப் போட்டு, மொதலாளிகிட்ட ஒப்புதலும் வாங்கி வெச்சிருக்குது. எல்லாருக்கும் பத்திரிகை போயிருக்குது. வாட்ச்மேனுக்கும் போயிருக்குது. எனக்கு இல்ல.

நான் ஒண்ணும் கேக்கலீங்க. அந்தம்மா டேபிள் பக்கமாப் போயித் தொண்டையக் கனைச்சேன். நிமுந்து பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுது. 'ரொம்ப சந்தோசமுங் சார்'னுச்சு. என்ன சந்தோசம்? எனக்குப் பத்திரிகை வெக்காததுல சந்தோசமா? என்ன திமிரு பாருங்க! ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. அப்பறம் பொண்டாட்டிதான், 'மறந்திருப்பாங்க, போயிட்டு வாங்க'ன்னு இந்தக் குக்கரை வாங்கிக் கையில குடுத்தா. அவளை வரச் சொன்னா, கூப்பிடாத வீட்டுக்கு நான் வர மாட்டேன்னுட்டா.

சரி, மண்டபம் பேரே தெரியாம எறங்கி எங்கன்னு தேடறது? கண்டவங்களைக் கேக்கவும் கூச்சமா இருக்குது. இருங்க, ஏஜெண்டையே கேப்போம். இப்ப போன்லயும் வருதுங்க. ருக்குமணி மகள் கல்யாணம் எந்த மண்டபத்துல... தட்டியாச்சு. யோசிக்குது.

வந்துருச்சு. 'பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் உள்ள திருமண மண்டபம் சார். இந்த அழைப்பிதழ் உங்களுக்கு வந்திருந்தது...'

என்னது?

சித்த இருங்க. எனக்கா? 'உங்களுக்கு வந்திருந்தது. நீங்கள் சொல்லியிருந்தபடி, வர இயலாது என்று உங்கள் பெயரில் வாழ்த்து அனுப்பிவிட்டேன். இப்போது செல்வதாக இருந்தால் அவர்களுக்குத் தெரிவிக்கட்டுமா?'

அட பாவி! அட படுபாவி! ஏனுங்க, பத்திரிகை வந்திருக்குதுங்க! எனக்கு வெச்சிருக்காங்க! லீவு கேட்ட மெசேஜ்லயே போட்டோ புடிச்சு அனுப்பியிருக்குது பாருங்க, மேல கையால எழுதியிருக்குது பாருங்க, 'சார், அவசியம் குடும்பத்துடன் வரவும்'. நான் சொன்னன்ல, அந்தம்மா நல்ல அம்மான்னு! இதுதானுங்க, இந்த மிசினு, நடுவுல உக்காந்துக்கிட்டு, வர மாட்டேன்னு எம் பேர்ல சொல்லியிருக்குது. எவன் சொன்னான் இதுக்கு? யாரு... ஆமா, நான்தான் தட்டுனேன். அது அன்னிக்கு ஒரு கடுப்புலங்க. கடுப்புல சொல்றதையெல்லாமா புடிச்சு வெச்சுக்கறது?

என்ன எழுதியிருக்குதுன்னு பாப்போம். நீங்களும் கேளுங்க.

'அன்புள்ள ருக்குமணி அம்மா அவர்களுக்கு, உங்கள் மகள் மோகனப்ரியாவின் திருமணச் செய்தி அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். உங்கள் வருகைப் பதிவை இன்று முழுவதும் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் உங்களுக்காக ஒரு நாளும் விடுப்புக் கேட்டதில்லை. கேட்ட நாட்களெல்லாம் மகளின் பள்ளித் தேர்வு நாட்கள், கல்லூரியில் சேர்த்த நாள், அவளுக்கு உடம்பு சரியில்லாத நாட்கள். ஒரு பெண்ணைத் தனியாக நின்று ஆளாக்கியது அந்தப் பதிவிலேயே தெரிகிறது. நேரில் வந்து வாழ்த்த இயலாத நிலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட விடுப்புடன், உங்களுக்குச் சேர வேண்டிய மீதி நாட்களும் இருக்கின்றன. மகளை அனுப்பிவிட்டு நிதானமாக வாருங்கள். சென்னியப்பன், மேலாளர்.'

...

இல்லீங்க, தூசி. ஜன்னலைச் சாத்துங்க.

இதெல்லாம் எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு. அதே பதிவுதான், தெனமும் தொறந்து பாக்கறதுதான். லேட்டா வந்தது யாரு, மட்டம் போட்டது யாருன்னுதான் நான் பாப்பேன். அதைத்தான பாக்கோணும்? அதுக்குத்தான சம்பளம்? பரீட்சை நாளா, காச்சல் நாளான்னு எவனுங்க பாப்பான்?

அந்தம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிரலாமுங்க. இது நான் எழுதுனதில்ல, மிசினு எழுதுனது, வர மாட்டேன்னு நான் சொல்லவே இல்லைன்னு சொல்லிரோணும். முகூர்த்த நேரம், எடுக்குமோ என்னமோ. அடிக்குது. அடிக்குது... அலோ! ருக்குமணியாம்மா? நான் சென்னியப்பன். ஆமா, மேனேஜர். கேக்குதா? மேளம் அடிக்கறாங்களா? சரி, சரி. அம்மா, ஒண்ணு சொல்லோணும், அந்த மெசேஜு... ஆமா, அந்த வாழ்த்து... அது வந்து... என்னது? அழுதியா? ஏம்மா அழுதே? ம். ம். லைன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனியா? ம். அட... இல்லம்மா, அது... ம். நான் சிடுசிடுன்னு இருந்தாலும் மனசுக்குள்ள இத்தனை வெச்சிருந்தனா? யாரு சொன்னா? எல்லாரும் சொன்னாங்களா? ம்.

அலோ? இல்ல, லைன்லதான் இருக்கறேன்.

அம்மா, நான் வந்துட்டிருக்கறேன். பஸ்ல. கிட்ட வந்துட்டேன். ஆமா, வர முடியாதுன்னுதான் எழுதுனேன்... ஆமா. நாந்தான் எழுதுனேன். மனசு கேக்கல, வந்துட்டேன். ஏய், அழுகாத, கல்யாண நாளும் அதுவுமா. என்ன? மாப்பிள்ளை வீட்டுலயா? என்னன்னு பேசறாங்க? பனியன் கம்பெனிக்காரி மகள்னா? யார்ரா அவன்? ம். சரி. மேடையிலயா? நானா? அதையே வாயாலயா? ஏம்மா, எனக்கு மைக்கெல்லாம்... சரி. சரிம்மா. அழுகாத. சொல்றேன். வெச்சுர்றேன்.

கேட்டீங்களா கதைய? மாப்பிள்ளை வீட்டுச் சனம், தகப்பன் இல்லாத பொண்ணு, கம்பெனியில வேலை பாக்கறவ மகள்னு நேத்திருந்தே ஒரு மாதிரி பேசறாங்களாம். 'நீங்க எழுதுனதை மேடையில நின்னு உங்க வாயாலயே அவங்க காதுல விழற மாதிரி சொல்லீருங் சார், எனக்கு அது போதும்'னு கேக்குதுங்க அந்தம்மா. எனக்கு வாக்குவாதம் பண்ணத் தெரியும், திட்டத் தெரியும். இந்த மாதிரியெல்லாம் பேசி எனக்குப் பழக்கமில்லீங்களே.

நாந்தான் எழுதுனேன்னு சொல்லிட்டேன். தப்புங்களா? வேற என்னங்க சொல்லறது? படிச்சு படிச்சு அழுதுட்டு இருக்கறவகிட்டப் போயி, அது மிசினும்மான்னு சொல்லச் சொல்றீங்களா? போனைப் பாத்துப் படிக்கவும் முடியாது. நானே எழுதுனதை நானே பாத்துப் படிச்சா, மாப்பிள்ளை வீட்டுக்காரன் சிரிக்க மாட்டானா?

என்னங்க, குண்டடம் போர்டு தெரியுதே! அதுக்குள்ளயா? கண்டக்டரே, குண்டடம் ஒண்ணு, குண்டடம்! சித்த மெதுவாப் போகச் சொல்லுங்க. ஏனுங்க, ஒரு உதவி. இந்தப் போனைக் கையில புடிங்க. நான் பாக்காம சொல்றேன், சரியா வருதான்னு மட்டும் பாருங்க. குக்கர் இருக்கட்டும், நான் புடிச்சுக்கறேன். ம்ஹும். 'எல்லாருக்கும் வணக்கமுங்க. ருக்குமணி அம்மா எங்க கம்பெனியில இத்தனை வருசமா வேலை பாக்குது. தனக்குன்னு ஒரு நாள் லீவு கேட்டதில்ல. கேட்டதெல்லாம் மகளுக்காகத்தான். பள்ளிக்கூடப் பரீட்சை, காலேஜுல சேத்தது, காச்சல்...' சரியா வருதுங்களா? வருதுல்ல? 'தனியா நின்னு ஆளாக்குன அந்தப் பொண்ணு...' இருங்க, இருங்க, எடுத்துக் குடுக்காதீங்க, எனக்கே வந்துரும். 'தனியா நின்னு ஆளாக்குன அந்தப் பொண்ணு...'

ஏனுங்க, பொண்ணு பேரு என்னன்னுங்க போட்டிருக்குது?